மீன் வாங்க அவசரம் வேண்டாம்
மாடியில் மீனும் கீரையும் – 4

தொட்டி வைத்தாயிற்று. ஜல்லிப் படுகை நிரப்பியாயிற்று. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் படுகைக்கு ஏறி, மறுபடி தொட்டிக்கு இறங்குகிறது. சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தினோம். அக்வாபோனிக்ஸ் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் அடுத்து செய்வது என்ன? ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போய், காற்றடைத்த பாலிதீன் பைகளில் மீன் வாங்கி வருவதுதான். தொட்டி காலியாக இருந்தால் யாருக்கும் பொறுக்காது. ஆனால் அந்தத் தொட்டியில் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு ஒரு மீன்கூட இருக்கக் கூடாது என்பது என் வாதம். அந்த ஒரு மாதமும் நாம் வளர்க்க வேண்டியவை ஜல்லியின் மேல் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். அவை கண்ணுக்குத் தெரியாது, விலை கொடுத்து வாங்கியவையும் இல்லை. அதனால்தான் அவற்றுக்காகக் காத்திருப்பது வீண் என்று தோன்றுகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 500 லிட்டர் தண்ணீர், நாளுக்கு 20 கிராம் தீவனம், தீவனத்தில் 32 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய அளவு ஒன்றும் இல்லை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2014இல் வெளியிட்ட சிறிய அளவிலான அக்வாபோனிக்ஸ் கையேடு, கீரை வகைகளுக்குச் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்று சொல்கிறது. அப்படியானால் 20 கிராம் தீவனம் அரைச் சதுர மீட்டர் கீரைக்குத்தான் காணும். மீன் தின்ற புரதத்தில் ஒரு பகுதிதான் சதையாகிறது. மிச்சத்திலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. மீன் வளர்ப்புத் துறையில் வழங்கும் சூத்திரப்படி, புரதத்தின் எடையில் 9.2 சதவீதம் அம்மோனியா நைட்ரஜனாகத் தண்ணீரில் சேரும். 20 கிராம் தீவனத்துக்கு அது 0.59 கிராம், அதாவது ஒவ்வொரு நாளும் லிட்டருக்கு 1.2 மில்லிகிராம். மூன்று நாளில் மூன்றரை மில்லிகிராம் ஆகிவிடும். இது அத்தனையும் ஒரே அளவு விஷம் இல்லை. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அயனியாகாத வடிவம்தான் மீனைக் கொல்வது. அதன் பங்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை பிஎச்சும் வெப்பமும். 30 டிகிரி தண்ணீரில், பிஎச் 7 என்றால் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் ஏழரை சதவீதம். நம் ஊரில் பல இடங்களில் போர் தண்ணீர் பிஎச் 8ஐ ஒட்டித்தான் இருக்கிறது, மாடித் தொட்டியில் 30 டிகிரி என்பதும் சாதாரணம். ஆக மூன்றாம் நாள் அந்த மீன்கள் நீந்துவது லிட்டருக்கு 0.26 மில்லிகிராம் விஷ அம்மோனியாவில். 0.05ஐத் தாண்டினாலே செவுள் பழுதாகத் தொடங்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. ‘வாங்கி வந்த நாலாம் நாளே செத்துப்போச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான்’ என்ற புகார்களில் பாதியாவது இந்தக் கணக்கில் அடங்கும் என்று நினைக்கிறேன்.

இந்த விஷத்தை உரமாக்குபவை நைட்ரஜன் பாக்டீரியாக்கள். மண்ணிலிருந்து இவற்றை 1890 வாக்கில் தனியே பிரித்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது; இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. கீரைக்கு வேண்டியது கடைசியில் வரும் இந்த நைட்ரேட். இவை பெருகும் வேகம் மிகக் குறைவு. ஈ.கோலை போன்ற பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு எல்லாம் கூடி வந்தாலும் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேல். அதிலும் இரண்டாவது கூட்டம், முதல் கூட்டம் நைட்ரைட்டை உண்டாக்கிக் கொடுக்கும் வரை பெருக வழியில்லை. அதனால் அம்மோனியா ஏறி இறங்கும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். அம்மோனியா குறைந்ததும் எல்லாம் முடிந்தது என்று மீனை விடுவார்கள். நைட்ரைட்டோ மீனின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாமல் தடுத்து, ரத்தத்தையே பழுப்பு நிறமாக்கிவிடும். தண்ணீரில் எவ்வளவு காற்று இருந்தும் மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திணறும்.

மீன் இல்லாமல் பாக்டீரியாவுக்கு எதை உணவாகக் கொடுப்பது? நேராக அம்மோனியாவையே கொடுக்கலாம். ஈயம் பூசுபவர்கள் பயன்படுத்தும் நவச்சாரம் அம்மோனியம் குளோரைடுதான். ஆனால் கடைவீதிக் கட்டியில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் சுத்தமானதாக வாங்குவது நல்லது. 500 லிட்டருக்கு 4 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். அளவு இறங்கும்போதெல்லாம் மறுபடி கொடுக்க வேண்டும். மெட்ரோ தண்ணீர் என்றால் முதலில் ஒன்றிரண்டு நாள் காற்றுக் குமிழி ஓட விட்டுத் திறந்து வைக்க வேண்டும்; குளோரின் பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே போடப்படுவது. மோட்டாரை இரவில் நிறுத்தி மின்சாரம் மிச்சம் பிடிக்கலாமா என்றால், கூடாது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற பாக்டீரியாவுக்கு 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் 0.59 கிராமுக்கு அது நாளொன்றுக்கு 2.7 கிராம். 30 டிகிரி வெப்பத்தில் 500 லிட்டர் தண்ணீர் முழுவதிலும் கரைந்து நிற்கக்கூடிய ஆக்சிஜனே 3.75 கிராம்தான். 20 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் மாதம் 14, 15 யூனிட்தான் ஆகும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் முதலாவது, கிராமத்துக் குளத்தில் யார் பாக்டீரியா வளர்த்துவிட்டு மீன் விட்டார்கள் என்பது. நியாயமான கேள்வி. குளத்தில் சேறு இருக்கிறது, பாசி இருக்கிறது, பல ஆண்டுகளாக அங்கேயே குடியிருக்கும் பாக்டீரியா இருக்கிறது. மீனுக்கு மீன் இடைவெளியும் அதிகம். நேற்று வாங்கிய பிளாஸ்டிக் தொட்டியிலும் கழுவிப் போட்ட ஜல்லியிலும் இவற்றில் ஒன்றும் இல்லை. இரண்டாவது, நாலைந்து முரட்டு மீன்களை மட்டும் விட்டுத் தொடங்கலாமே என்பது. தொடங்கலாம், நடக்கிற காரியம்தான். ஆனால் அதற்குத் தீவனத்தை நாளுக்கு ஓரிரு கிராமில் நிறுத்த வேண்டும், தினமும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், ஏறினால் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். மீன் கரைக்கு வந்து வாயைப் பிளக்கும்போது இன்னும் நாலு மணி போடாமல் இருக்கும் கை அபூர்வம். தின்னாமல் அடியில் கிடக்கும் தீவனமும் அழுகி அம்மோனியாதான் ஆகும். கொஞ்சமாகப் போட்டால் பாக்டீரியாவும் கொஞ்சமாகத்தான் பெருகும். ஆக நேரமும் மிச்சமாவதில்லை. செடியே அம்மோனியாவை உறிஞ்சாதா என்பது மூன்றாவது. உறிஞ்சும், ஆனால் இரண்டு இலை விட்ட நாற்றின் பசி அந்த அளவுக்குப் போதாது.

மீன் கடைகளில் விற்கும் பாக்டீரியா பாட்டில்தான் வலுவான மறுப்பு. ஒரே நாளில் தயார் என்று அட்டையில் போட்டிருக்கும். இதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைக் கையாள்வது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1998இல் டிமோத்தி ஹோவனெக்கும் அவருடைய குழுவினரும் மரபணு முறையில் சோதித்தபோது, அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று தெரியவந்தது. 2015இல், நெதர்லாந்து ஆய்வாளர்கள் மீன் வளர்ப்பு வடிகட்டி ஒன்றிலிருந்து இரண்டு படிகளையும் ஒற்றை ஆளாகச் செய்யும் நைட்ரோஸ்பைராவையே கண்டெடுத்தார்கள். அதுவரை நைட்ரோபாக்டரை நம்பி விற்ற பாட்டில்கள் எதற்கு உதவியிருக்கும் என்பதை வாசகர்களே யோசிக்கலாம். சரியான வகை உயிரோடு அடங்கிய பாட்டில் காலத்தைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் வெயிலில் லாரியில் வந்து அலமாரியில் கிடந்த பாட்டிலுக்குள் உயிர் இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதைவிட, நோயில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் தெரிந்தவர் தொட்டியிலிருந்து ஒரு வாளி ஜல்லியோ பழைய பில்டர் பஞ்சோ கேட்டு வாங்கிப் போடுவது பலன் தரும். நத்தையும் கூடவே வரக்கூடும்.

இரண்டில் எதைச் செய்தாலும் சோதனை ஒன்றுதான். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கொடுத்து, 24 மணி நேரம் கழித்து, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் ஏறியிருக்கிறது என்றால் படுகை தயார். மேலே போட்ட தீவனக் கணக்கைவிட இது ஒன்றரை மடங்குக்கும் மேல். நம் ஊர் வெப்பத்தில் பெரும்பாலும் 25 முதல் 40 நாளுக்குள் இந்த நிலை வந்துவிடும். வராமல் பாதியில் நின்றால் பிஎச்சைப் பாருங்கள். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறும்போது தண்ணீரிலுள்ள காரத்தன்மையில் 7 கிராமுக்குச் சற்று மேல் கரைகிறது. பிஎச் 6க்குக் கீழே போனால் பாக்டீரியா ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். சுத்தமான தண்ணீர் என்று நினைத்து ஆர்ஓ தண்ணீரையோ மழைநீரையோ மட்டும் நிரப்பியவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். கொஞ்சம் போர் தண்ணீர் கலந்தால் சரியாகும்.

சோதனையில் தேறிய பிறகு, பாதித் தீவனக் கணக்குக்கு எவ்வளவு மீன் தாங்குமோ அவ்வளவு மட்டும் விடலாம். எந்த மீன் என்பதில் ருசியோடு சட்டமும் குறுக்கே வருகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க நாட்டில் தடை இருக்கிறது, திலேப்பியாவுக்கு மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். அடுத்த வாரம் அதைப் பார்க்கலாம்.