நொடித்து எழுந்த நாடும் காலப் பெட்டிக் கதையும்

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் கையில் ஒரு வகைக் கதைப் புத்தகம் அடிக்கடி தென்படுகிறது. அட்டையைப் பார்த்தாலே பெற்றோருக்குப் பிடிப்பதில்லை. இடிந்த நகரம், பசித்த ஜனங்கள், கொடுங்கோல் அரசு, அதை எதிர்த்து நிற்கும் ஒரு சின்னப் பெண். இதுதான் கதை. "சிரிக்கச் சிரிக்கப் படிக்க எத்தனையோ புத்தகம் இருக்க, இந்த அழிவுக் கதை எதற்கு?" என்று கேட்காத தாய் தந்தையர் குறைவு.

கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை தேட உதவும் நாடு ஒன்று உண்டு. பூமியின் வடகோடியில் உள்ள ஐஸ்லாந்து. கதையில் வருவது போன்ற ஒரு வீழ்ச்சியை அந்த நாடு நிஜத்திலேயே கண்டது. பிறகு எழுந்தும் நின்றது. எழுந்துகொண்டிருந்த வேளையில், பிள்ளைகளுக்கான ஒரு கெட்ட காலக் கதையும் அங்கே பிறந்தது.

மீன் நாடு பாங்கி நாடானது

2008-ல் ஐஸ்லாந்தின் ஜனத்தொகை சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம்தான். நெடுங்காலமாக மீன்தான் அந்நாட்டின் பிழைப்பு. அரசிடம் இருந்த பாங்கிகள் 2003-க்குள் தனியார் கைக்குப் போயின. அதன் பிறகு கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்ற மூன்று பாங்கிகள் வெளிநாடுகளில் கடன் வாங்கி, கடன் கொடுத்து, ஊதிப் பெருத்தன. சில ஆண்டுகளிலேயே பாங்கிகளின் மொத்தச் சொத்து, நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் சுமார் பத்து மடங்காகிவிட்டது. ஆபத்து வந்தால் தாங்கிப் பிடிக்க வேண்டிய மத்திய பாங்கியோ இவற்றின் முன் சுண்டைக்காய்.

லாண்ட்ஸ்பாங்கி 'ஐஸ்சேவ்' என்ற பெயரில் இன்டர்நெட் மூலம் டெபாசிட் திரட்டியது. அதிக வட்டி என்றதும் பிரிட்டனிலும் ஹாலந்திலும் லட்சக்கணக்கானவர்கள் பணம் போட்டார்கள். எங்கிருந்து இவ்வளவு வட்டி வருகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலானது. பாங்கிக்குப் பாங்கி கடன் கொடுப்பது நின்றது. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கியே காலம் தள்ளிய ஐஸ்லாந்துப் பாங்கிகளுக்கு மூச்சு முட்டியது. அக்டோபர் 6 அன்று பிரதமர் கெய்ர் ஹார்டே டெலிவிஷனில் தோன்றி, நாடே நொடித்துவிடும் ஆபத்து இருப்பதாகச் சொன்னார். கடவுள் ஐஸ்லாந்தைக் காக்கட்டும் என்று பேச்சை முடித்தார். அன்றே அவசரச் சட்டம் நிறைவேறியது. 9-ம் தேதிக்குள் மூன்று பாங்கிகளும் அரசின் பிடிக்குள் வந்துவிட்டன. ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது.

தவணை கட்டியவர் பாடு

பாங்கி முதலாளிகளின் வீழ்ச்சியோடு விஷயம் நிற்கவில்லை. அந்நாட்டு நாணயமான குரோனாவின் மதிப்பு சுமார் பாதியாகக் குறைந்தது. வட்டி குறைவு என்று நம்பி, ஜப்பானிய யென்னிலும் சுவிஸ் பிராங்கிலும் கணக்கிடப்பட்ட கடனில் வீடும் காரும் வாங்கிய குடும்பங்கள் ஏராளம். நாணயம் பாதியானதும் அவர்களுடைய கடன் இரண்டு மடங்கானது. தவணை தவறாமல் கட்டியவர்கள்கூட, வாங்கிய தொகையைவிட அதிகம் பாக்கி வைத்திருக்கும் விநோதத்தைக் கண்டார்கள்.

விலைவாசி ஏற்றம் 2009 தொடக்கத்தில் ஆண்டுக்கு 18 சதவீதத்தைத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சாமான்களின் விலை ஏறியதால் மக்டொனால்ட்ஸ் உணவகமே 2009 அக்டோபரில் கடையைக் கட்டியது. வேலையில்லை என்ற பேச்சே அறியாத நாட்டில், உழைக்கும் நூறு பேரில் ஒன்பது பேருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

நல்ல காலத்தில் கட்டட வேலைக்கென்று போலந்து நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஐஸ்லாந்துக்கு வந்திருந்தார்கள். கட்டடங்கள் பாதியில் நின்றன. அவர்களில் பலர் மூட்டை கட்டினார்கள். உள்ளூர்க்காரர்களிலும் பலர் நார்வே நாட்டுக்கு வேலை தேடிப் போனார்கள். பிழைக்கப் போன ஊரில் வேலை நின்றுபோவது என்றால் என்ன என்பதை, வெளிமாநிலத்தில் சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்பும் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாத்திரத் தாளம்

தலைநகர் ரெய்க்யவிக்கில் பாராளுமன்றத்துக்கு எதிரே ஒரு மைதானம் உண்டு. 2008 அக்டோபரிலிருந்து சனிக்கிழமைதோறும் ஜனங்கள் அங்கே கூடினார்கள். 2009 ஜனவரி 20 அன்று, விடுமுறைக்குப் பின் பாராளுமன்றம் கூடியபோது, வீட்டுப் பானைகளையும் வாணலிகளையும் கொண்டுவந்து தட்டினார்கள். கடுங்குளிரில், இரவு வெகுநேரம்வரை அந்தத் தாளம் நிற்கவில்லை. ஒரு வாரத்துக்குள் அரசு விழுந்தது. பிப்ரவரி முதல் தேதி யோஹன்னா சிகுர்தர்தோத்திர் பிரதமரானார். அந்நாட்டின் முதல் பெண் பிரதமர் அவர்.

வீழ்ச்சிக்குக் காரணம் என்ன என்று ஆராய விசாரணைக் கமிஷன் ஒன்று அமைக்கப்பட்டது. 2010 ஏப்ரல் 12 அன்று அதன் அறிக்கை வெளிவந்தது. இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். இப்படிப்பட்ட அறிக்கைகள் வழக்கமாக அலமாரியில் தூங்கும். அங்கே அப்படி நடக்கவில்லை. ரெய்க்யவிக் நகர நாடக அரங்கின் நடிகர்கள் முறைவைத்து, இரவு பகலாக, நாள் கணக்கில் அந்த அறிக்கை முழுவதையும் வாய்விட்டுப் படித்தார்கள். கிளார்க் எழுதும் கணக்கு வாசகங்களை நாடக வசனம்போல் ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். யார் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார்கள், யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அம்பலத்துக்கு வந்தது.

எழுந்த விதம்

ஐஸ்லாந்து செய்த காரியங்களில் முக்கியமானவை சில. உள்நாட்டு டெபாசிட்டுகளை அரசு காப்பாற்றியது. பாங்கிகளுக்குக் கடன் கொடுத்திருந்த வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும் நஷ்டத்தை ஏற்க நேர்ந்தது. சர்வதேச நாணய நிதியம் 2008 நவம்பரில் 210 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. பணம் நாட்டைவிட்டு ஓடாமலிருக்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 2017 மார்ச் வரை அது முழுமையாக நீங்கவில்லை. அன்னிய நாணயக் குறியீட்டில் கொடுத்த கடன்கள் சட்டவிரோதம் என்று 2010 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஐஸ்சேவ் டெபாசிட்டுகளுக்காகப் பிரிட்டனுக்கும் ஹாலந்துக்கும் நாடு பணம் கட்டுவதா என்று இரண்டு முறை ஜனங்களிடமே ஓட்டு கேட்கப்பட்டது. 2010-லும் 2011-லும் ஜனங்கள் மாட்டோம் என்றார்கள். 2013 ஜனவரியில் சர்வதேச நீதிமன்றம் ஒன்றும் ஐஸ்லாந்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. கௌப்திங் பாங்கியை நடத்தியவர்கள் உள்ளிட்ட நால்வருக்கு விதிக்கப்பட்ட சிறைத் தண்டனையை 2015-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பெரிய பாங்கி முதலாளிகள் சிறைக்குப் போன நாடுகள் உலகில் அதிகமில்லை.

நாணய மதிப்பு விழுந்ததில் ஒரு நன்மையும் இருந்தது. மீன் ஏற்றுமதி லாபம் தந்தது. வெளிநாட்டவருக்கு ஐஸ்லாந்து மலிவான ஊராகத் தெரிந்தது. 2010 ஏப்ரலில் எரிமலை வெடித்து, ஐரோப்பாவில் விமானங்கள் நின்றபோது உலகம் முழுவதும் அந்நாட்டின் பெயரைக் கேட்டது. 2010-ல் சுமார் 5 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2017-ல் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். நாணய நிதியத்தின் கடன் 2015-ல் கெடுவுக்கு முன்பே அடைக்கப்பட்டது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்வதற்கில்லை. வீட்டை இழந்தவர்கள் உண்டு. விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வீட்டுக் கடனைச் சுமந்தவர்கள் ஏராளம். நாடு எழுந்த வேகத்தில் எல்லாக் குடும்பமும் எழவில்லை.

ரேஷனுக்கு ஈடாகப் பெயர்

இனிக் கதைக்கு வருவோம். லேமன் நிறுவனம் விழுவதற்கு முதல் நாள், அதாவது 2008 செப்டம்பர் 14 அன்று, அமெரிக்காவில் சூசன் காலின்ஸ் எழுதிய 'தி ஹங்கர் கேம்ஸ்' என்ற நாவல் வெளிவந்தது. இது தற்செயல்தான். ஆனால் வேலையும் வீடும் பறிபோய்க்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் உலகம் முழுவதும் இளம் வயதினர் அந்தப் புத்தகத்தை விரும்பிப் படித்தார்கள். இவ்வகைக் கதைகளுக்குப் பெரிய மவுசு வந்தது.

பானெம் என்ற நாட்டில் தலைநகரம் மட்டும் விருந்துண்கிறது. பன்னிரண்டு மாவட்டங்கள் உழைத்துக்கொடுத்துப் பட்டினி கிடக்கின்றன. ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஒரு பையனும் ஒரு பெண்ணும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். எஞ்சுகிற ஒருவரே வெற்றியாளர். அதை டெலிவிஷனில் எல்லோரும் பார்த்தாக வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வீட்டில் பசி என்றால், பிள்ளை தன் பெயரைக் குலுக்கலில் கூடுதலாக ஒரு தடவை போடலாம். பதிலுக்கு ஒருவருக்கு ஓராண்டுக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். ஏழை வீட்டுப் பிள்ளையின் பெயர் எழுதிய சீட்டுகள் இப்படித்தான் பெருகுகின்றன. குலுக்கல் எல்லோருக்கும் பொது; ஆனால் ஆபத்து பொதுவல்ல. வாணலி தட்டிய ஐஸ்லாந்து ஜனங்களின் கேள்வியும் இதுவேதான். லாபம் வந்தபோது சிலருடையது, நஷ்டம் வந்தபோது எல்லோருடையதா?

பெட்டிக்குள் போன நாடு

ஐஸ்லாந்து எழுத்தாளர் ஆண்ட்ரி ஸ்னைர் மக்னசன் 2013-ல் 'டீமாகிஸ்டன்' என்ற நாவலை வெளியிட்டார். 'காலப் பெட்டி' என்று சொல்லலாம். இளம் வாசகர்களுக்கான நூல் என்ற வகையில் அந்நாட்டு இலக்கியப் பரிசைப் பெற்றது. 2019-ல் ஆங்கிலத்திலும் வந்தது.

நாட்டில் எங்கே திரும்பினாலும் 'நிலைமை'யைப் பற்றியே பேச்சு. கெட்ட காலம் வருகிறது என்று செய்தி. சிக்ருன் என்ற பெண்ணின் பெற்றோர் ஒரு முடிவு செய்கிறார்கள். உள்ளே காலமே ஓடாத பெட்டிகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. அதில் புகுந்து படுத்துவிட்டால் கெட்ட காலம் கடந்துபோன பிறகு எழுந்துகொள்ளலாம். இவர்கள் மட்டுமல்ல, எல்லோருமே பெட்டிக்குள் போய்விடுகிறார்கள். யாராவது நிலைமையைச் சரிசெய்துவிடுவார்கள் என்று ஒவ்வொருவருக்கும் நம்பிக்கை. சரிசெய்ய வெளியே ஆள் வேண்டாமா?

சிக்ருனின் பெட்டி முன்னதாகவே திறந்துகொள்கிறது. வெளியே வந்தால் நகரம் காடாகிக் கிடக்கிறது. அவளும் இன்னும் சில பிள்ளைகளும் கிரேஸ் என்ற ஆராய்ச்சியாளரிடம் ஒரு பழங்கதை கேட்கிறார்கள். இருண்ட நாட்கள் தீண்டாமலிருக்க, தன் மகளைக் காலம் நுழைய முடியாத பேழைக்குள் வைத்த பேராசைக்கார ராஜாவின் கதை அது. அதைக் கேட்டு, நிலைமையை மாற்றும் பொறுப்பைப் பிள்ளைகளே ஏற்கிறார்கள்.

பிள்ளைகள் ரசிப்பது எதை?

இத்தகைய கதைகளைப் படிக்கும் பிள்ளைகள் துன்பத்தை ரசிப்பதாக நினைப்பது தவறு. வீட்டில் அப்பாவின் வேலைக்கு ஆபத்து என்றால், பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். பிள்ளைக்கு எல்லாம் காதில் விழும், எதுவும் புரியாது. கதையோ ஒளிக்காமல் சொல்கிறது. யாருக்குச் சோறு, யாருக்கு இல்லை, அதை யார் தீர்மானித்தார்கள் என்று காட்டுகிறது. தன் வயதுள்ள ஒருத்தி அதைப் புரிந்துகொண்டு ஒரு காரியம் செய்கிறாள். பயமும் உண்டு, ஆனால் புத்தகத்தை மூடினால் பயம் போய்விடும். அந்த ருசிதான் பிள்ளைகளை இழுக்கிறது.

கதை படித்து எந்த நாட்டின் கடனும் அடைபட்டதில்லை. ஐஸ்லாந்தின் கடனை அடைத்தவர்கள் மீன் பிடித்தவர்கள், வரி கட்டியவர்கள், பிழைக்க நார்வே போனவர்கள். ஆனாலும் பெட்டிக்குள் படுக்காமல் குளிரில் நின்று கணக்குக் கேட்டதில்தான் அவர்கள் எழுச்சி தொடங்கியது. பிள்ளைகள் விரும்பும் அந்தக் கதைகள் சொல்வதும் அதையே.

எனவே, அப்படி ஒரு புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கண்டால் பிடுங்கிவிட வேண்டாம். அந்த ஊரில் ஏன் பஞ்சம் வந்தது, அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் தேதி சம்பளம் வந்ததும் வாடகைக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு, சீட்டுக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போது பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாம். அதிக வட்டி என்று யாராவது வந்து சொன்னால், எங்கிருந்து வருகிறது அந்த வட்டி என்று முதலில் கேட்பது அந்தப் பிள்ளையாகவே இருக்கக்கூடும்.