படகு மலிவு, என்ஜின்தான் கணக்கு!

ஞாயிற்றுக்கிழமை மாலையில் கேட்வே ஆப் இந்தியா பக்கம் காற்று வாங்கப் போகிறவர்கள், வெள்ளைப் பாய் விரித்துக் கடலில் மிதக்கும் சிறு படகுகளைப் பார்த்திருப்பார்கள். "இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு" என்று சொல்லிவிட்டுக் கடலையைக் கொறிப்பார்கள். நம் நாட்டில் அது உண்மைதான்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே பள்ளிக்கூட வாத்தியார், லாரி டிரைவர், பென்சன் வாங்கும் தபால்காரர்கூட சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருப்பது உண்டு. புதுப் படகு அல்ல. பல கை மாறி வந்த, 40, 50 வயதான படகு. முப்பதடி நீளம். உள்ளே நாலு பேர் படுக்கலாம். அடுப்பு உண்டு, கக்கூஸ் உண்டு. மும்பை சால் அறையைவிட வசதி என்றுகூடச் சொல்லலாம். விலை, ஒரு பழைய காரின் விலைதான். சில ஆயிரம் டாலர்.

இவ்வளவு மலிவு ஏன்? பாதிக் காரணம் படகின் உள்ளே, இறங்கும் படிக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. அது ஒரு கிழட்டு பெட்ரோல் என்ஜின்.

உடம்பு கெட்டி

மரத்தில் செய்த படகு உளுத்துப் போகும். 1960-களில் அமெரிக்கப் படகுக் கம்பெனிகள் பைபர்கிளாசுக்கு மாறின. பைபர்கிளாஸ் உளுப்பதில்லை, கரையான் தின்பதில்லை. எனவே அன்று கட்டிய படகுகள் இன்றும் மிதக்கின்றன. 'கேட்டலினா 30' என்ற ஒரே ரகத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கு மேல் கட்டப்பட்டன. உடம்பு அப்படியே இருக்கிறது. உள்ளே இருக்கும் இரும்பு என்ஜினுக்குத்தான் வயதாகிறது.

பாய் இருக்கும்போது என்ஜின் எதற்கு என்று தூத்துக்குடித் தோணிக்காரர்கள் கேட்க மாட்டார்கள். காற்று விழுந்துவிட்டால் படகு நடுக்கடலில் நிற்கும். துறைமுகத்துக்குள் நூறு படகுகளுக்கு நடுவே பாயை நம்பி நுழைய முடியாது. நீரோட்டம் எதிர்த்தால் பின்னுக்குப் போக வேண்டியதுதான்.

பெயரில் மட்டும் அணு

அந்தக் காலத்துப் படகுகளில் பெரும்பாலும் இருந்தது 'அட்டாமிக் 4' என்ற என்ஜின். விஸ்கான்சின் மாநிலம் ஆஷ்காஷ் நகரில் இருந்த யுனிவர்சல் மோட்டார் கம்பெனி இதை 1947-ல் வெளியிட்டது. அணுகுண்டு விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்த நேரம். எதற்கெடுத்தாலும் அணு என்று பெயர் வைத்த காலம் அது. மற்றபடி உள்ளே அணுவும் இல்லை, அதிசயமும் இல்லை. நாலு சிலிண்டர், 30 குதிரை சக்தி, 1,056 சி.சி.

மும்பைவாசிகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 2023 அக்டோபரில் விடைபெற்ற பத்மினி டாக்சியின் என்ஜின் 1,089 சி.சி. ஏறக்குறைய அதே அளவு. அந்தச் சின்ன என்ஜின் நாலரை டன் படகைத் தள்ளிக்கொண்டு போகும்.

1984-ல் இதன் உற்பத்தி நின்றது. அதற்குள் 40 ஆயிரத்துக்கும் மேல் விற்றிருந்தது. அதன்பிறகு டீசல் என்ஜின் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் அட்டாமிக் சாகவில்லை. உதிரி பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. எளிய அமைப்பு. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் தானே கழற்றி மாட்டலாம்.

டீசல் என்ஜினுக்கு ஆயுள் அதிகம், தீ பயம் குறைவு. ஆனால் கெட்டுப்போனால் வைத்தியச் செலவும் அதிகம்.

மூக்கே காவலாளி

தீ பயம் என்று சும்மா சொல்லவில்லை. காரில் பெட்ரோல் கசிந்தால் சாலையில் சொட்டிப் போய்விடும். படகில் போக வழி ஏது? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில் இறங்கி, தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. சாவியைத் திருப்பும்போது ஒரே ஒரு பொறி போதும்.

ஆகவே பெட்ரோல் படகுகளில் அடிவயிற்றுக் காற்றை இழுத்து வெளியே தள்ளும் மின்விசிறி இருக்கும். என்ஜினைக் கிளப்புமுன் 4 நிமிடம் அதை ஓடவிட வேண்டும் என்று எச்சரிக்கைத் தகடே அடித்து வைத்திருப்பார்கள். அதோடு விடக்கூடாது. மூடியைத் திறந்து குனிந்து மோந்து பார்க்க வேண்டும். விசிறி பழுதானாலும் மூக்கு பழுதாகாது.

இதில் ஒரு சிக்கல். விசிறி கட்டாயம் என்ற அமெரிக்கச் சட்டம் 1980 ஜூலை 31-க்குப் பிறகு கட்டிய படகுகளுக்குத்தான். மலிவாக விற்பனைக்கு வருபவையோ பெரும்பாலும் அதற்கு முந்தியவை! விசிறி இருக்கிறதா, ஓடுகிறதா என்று வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆபத்து, சிக்கனம். படகுக்கென்று செய்த ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றின் பொறி வெளியே வராதபடி அடைத்திருக்கும். விலை அதிகம். பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் கார் சாமான் மலிவாகக் கிடைக்கும். சிலர் அதை மாட்டி ஐம்பது, நூறு டாலர் மிச்சம் பிடிக்கிறார்கள். அப்படி மாட்டிய படகை வாங்குகிறவர் வெடிமருந்துக் கிடங்கையும் சேர்த்தே வாங்குகிறார்.

உப்பு தின்ற இரும்பு

காருக்கு ரேடியேட்டர் உண்டு. இந்த என்ஜின் பலவற்றுக்கு அது கிடையாது. கடல் தண்ணீரையே உறிஞ்சி, சூட்டைத் தணித்து, புகையோடு சேர்த்துப் பின்பக்கம் துப்பிவிடும். நாற்பது வருடம் உப்புத் தண்ணீர் ஓடிய இரும்பு எப்படி இருக்கும்? உள்ளுக்குள்ளேயே துரு தின்னும். தண்ணீர் ஓடும் சந்துகள் அடைபடும். ஒருநாள் சுவர் ஓட்டையாகி, தண்ணீர் எண்ணெயில் கலக்கும்.

எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணெய் கறுப்பாக இருந்தால் கவலையில்லை. பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் உஷார்.

ஏரியிலும் ஆற்றிலும் ஓடிய படகுக்கு இந்த நோய் குறைவு. அதனால் அதற்கு மவுசு அதிகம்.

கையை வை, சூடா பார்

விவரம் தெரிந்தவர் படகைப் பார்க்கப் போனதும் பாயைப் பார்ப்பதில்லை, மெத்தையைப் பார்ப்பதில்லை. நேரே என்ஜின் மேல் கையை வைக்கிறார். சூடாக இருந்தால், விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டித் தயார் செய்திருக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதே சோதனை. பழைய ஸ்கூட்டர் வாங்கிய எவருக்கும் இது புதிதல்ல.

அடுத்து, நாலு பிளக்கையும் கழற்றி கம்ப்ரஷன் பார்க்கிறார். நாலும் ஏறக்குறைய சமமாக, நூறு பவுண்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல என்ஜின். ஒன்று மட்டும் படுத்திருந்தால் பெரும்பாலும் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரி செய்யலாம். பேரம் பேசவும் பயன்படுத்தலாம்.

கிளம்பாத என்ஜினை விடாமல் சுற்றக்கூடாது. அப்போதும் பம்ப் கடல் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளப் புகை வராது. தண்ணீர் சைலன்சரை நிரப்பி, திரும்பி சிலிண்டருக்குள் புகும். அடம்பிடிக்கும் என்ஜினைச் சுற்றும்போது கடல்நீர் வால்வை மூடிவிட்டு, என்ஜின் பிடித்ததும் உடனே திறக்க வேண்டும். விற்கிறவருக்கே இது தெரியாவிட்டால், அவர் என்ஜினை எப்படி வைத்திருந்திருப்பார் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

படகின் உடம்பைப் பார்க்க சர்வேயர் உண்டு. அடிக்கு இவ்வளவு என்று கூலி. ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பது போல, மேல்தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டுவார். 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் பைபர்கிளாசுக்கு நடுவே வைத்த பால்சா மரத்தில் தண்ணீர் இறங்கி ஊறியிருக்கிறது. ஆனால் சர்வேயர் பொதுவாக என்ஜினைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதற்கு மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட வேண்டும். பலர் இந்தச் செலவை மிச்சம் பிடித்துத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எந்தக் கணக்கு சரி?

பழைய என்ஜினை எடுத்துவிட்டுப் புது டீசல் வைத்தால் என்ன? வைக்கலாம். ஆனால் என்ஜின், பீடம், தண்டு, விசிறி, டாங்கி, கூலி எல்லாம் சேர்ந்தால் பல சமயம் படகின் விலையையே தாண்டிவிடும். திரும்ப விற்கும்போது அந்தப் பணம் முழுதாக வராது. துணியைவிடத் தையல் கூலி அதிகமான கதை.

நன்றாக ஓடும் அட்டாமிக்கை ஓடவிடுவதே சாமானியனுக்குச் சரி. ஓடாத என்ஜின் என்றால், "சின்ன ரிப்பேர்தான்" என்று விற்கிறவர் சொல்வதைக் கேட்காமல், என்ஜினே இல்லை என்று வைத்து விலை பேச வேண்டும். டாங்கியில் வருடக்கணக்காகக் கிடக்கும் பெட்ரோலையும் நம்பக்கூடாது. அங்கே பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். பழைய டாங்கியில் கிளம்பும் கசடு கார்புரேட்டரை அடைக்கும்.

கடைசியில் கடலில் சோதனை ஓட்டம். கரையில் கட்டிப்போட்டு ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவதில் பயனில்லை. சூடு ஏறிய பிறகுதான் அடைபட்ட தண்ணீர்க் குழாய் காட்டிக்கொடுக்கும். நீரோட்டத்தை எதிர்த்து, முழு வேகத்தில், ஒரு மணி நேரம் ஓட வேண்டும். அதற்குச் சம்மதிக்காத ஆளிடம் விவரம் தெரிந்தவர்கள் விலையே பேசுவதில்லை.