கையடக்கக் காமிராவின் கணக்கு

சின்னமனூரை அடுத்த மார்க்கையன்கோட்டையில் நாற்று நடவு தொடங்கிவிட்டால், வயல்களில் கொக்குகள் வந்து இறங்கிவிடும். சேறு கலங்கும்போது வெளிப்படும் புழு பூச்சிகளே அவற்றிற்கு விருந்து. இக்காட்சியைப் படமெடுக்க வேண்டுமானால் நீங்கள் வழுக்கும் வரப்பில் நடந்தாக வேண்டும். ஒரு கையில் செருப்பு, மறு கையில் காமிரா. அந்தக் காமிரா இரண்டு கிலோ எடை என்றால்? நாலு நாள் எடுத்துச் செல்வீர்கள். ஐந்தாம் நாள் அது அலமாரியிலேயே தங்கிவிடும். உடல் சிறியதாகவும், பெரிய காமிராவின் வசதிகள் எல்லாம் உடையதாகவும் இருக்கும் கருவிகளைப் பலரும் விரும்புவதற்கு இதுவே முதற் காரணம். எதை நீக்கி அதைச் சிறிதாக்கினார்கள்? எதைச் சிறிதாக்க இயலாது? கடையில் பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எடையின் தொல்லை புதிதன்று. ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கார் பர்னாக் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். கண்ணாடித் தகடுகள் பொருத்திய பெரிய காமிராவைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் நடக்க அவரால் முடியவில்லை. சினிமாப் படச்சுருளைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ள சிறு படம் எடுக்கும் கருவியை 1914-வாக்கில் அவர் செய்தார். படத்தைச் சிறிதாக எடுத்து, பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. 1925-இல் அது லைக்கா என்ற பெயரில் வெளிவந்தது. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரேசான், லைக்காவாலேயே புகழ்பெற்றவர்.

பின்னர் வந்த எஸ்.எல்.ஆர். காமிராவில் ஒரு சங்கடம் இருந்தது. லென்ஸின் வழியாகவே காட்சியைப் பார்க்கும் பொருட்டு, உள்ளே 45 பாகைச் சாய்வில் ஓர் ஆடியை வைத்தார்கள். அது ஒளியை மேலே திருப்பி, ஐங்கோணப் பட்டகத்தின் வழியே கண்ணுக்கு அனுப்பும். படமெடுக்கும் கணத்தில் ஆடி மேலே எழும்ப வேண்டும். அதற்கு இடம் வேண்டுமே! நிக்கான் எஃப் வகையில் லென்ஸ் பொருந்தும் வளையத்திற்கும் படச்சுருளுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம் விடப்பட்டது இதனால்தான்.

டிஜிட்டல் காமிராவில் படச்சுருளின் இடத்தில் ஒளி உணர் தகடு உள்ளது. அத்தகடே காட்சியை இடைவிடாமல் மின்குறிகளாக்கிச் சிறு திரைக்கு அனுப்ப வல்லது. அப்படியானால் ஆடி எதற்கு? 2008-இல் பானசோனிக் ஜி1 ஆடியை நீக்கி வந்தது. 2018-இல் வந்த நிக்கான் இசட் வகையில் அதே தூரம் 16 மி.மீ. தான். மூன்று செ.மீ. கனம் மிச்சம்!

மிச்சமானது இடம் மட்டுமன்று. காமிராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதும். கருஞ்சேற்றில் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தால், சேற்றின் கணக்கைப் பார்த்து ஒளியை அதிகம் விட்டுவிடும். இறகுகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். ஆடியில்லாக் காமிராவின் திரையில் இக்கோளாறு பொத்தானை அழுத்துமுன்பே தெரியும். பல கருவிகளில் உணர் தகடு காந்தவிசையால் மிதந்து, கை நடுங்கும் திசைக்கு எதிராக நகர்ந்து படத்தைக் காக்கிறது. ஆனால், கொக்கு சிறகடித்தால் அந்த அசைவை இது நிறுத்தாது; அதற்கு ஷட்டர் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும்.

இனி, விளம்பரங்கள் சொல்லாத செய்திக்கு வருவோம். உடல் சுருங்கினால் லென்ஸும் சுருங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தொலைவிலுள்ள கொக்குக்கு 300 மி.மீ. குவியத் தொலைவு வேண்டும் என்று கொள்வோம். துளை எண் 4 என்றால், ஒளி நுழையும் துளையின் விட்டம் 300-ஐ 4-ஆல் வகுத்தால் வரும் 75 மி.மீ. ஆகும். அதைவிடச் சிறிய முன்கண்ணாடி அந்த லென்ஸுக்கு இருக்க முடியாது. இது ஒளியியலின் விதி. எந்தப் பொறியாளரும் மாற்ற இயலாது.

லென்ஸையும் சிறிதாக்க ஒரு வழி, உணர் தகட்டைச் சிறிதாக்குவது. 17.3 மி.மீ. அகலமும் 13 மி.மீ. உயரமும் உள்ள தகட்டில் 150 மி.மீ. லென்ஸே கிட்டத்தட்ட அதே காட்சியைத் தரும், துளை 37.5 மி.மீ. போதும். ஆனால் தகட்டின் பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: பெரியதில் 864 சதுர மி.மீ., சிறியதில் 225. அதே துளை எண், அதே ஷட்டர் வேகத்தில் திரளும் ஒளி நான்கில் ஒரு பங்குதான். காலை வெயிலில் இக்குறை தெரியாது. மேற்கு மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிய பிறகு எடுத்தால், படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தெரியும்.

மின்கலத்தையும் கவனியுங்கள். தகடும் திரையும் ஓயாது இயங்குவதால் ஆடியுள்ள காமிராவைவிட இது விரைவில் தீர்ந்துபோகும். உபரியாக ஒன்று பையில் இருக்கட்டும். வாங்கும்போது நீங்கள் பயன்படுத்தப்போகும் லென்ஸைப் பொருத்தித்தான் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். சின்ன உடலில் பெரிய லென்ஸ் பூட்டினால் பாரம் முன்னால் இழுக்கும். சுண்டுவிரலுக்குப் பிடி கிடைக்காது.