வளைகுடாவில் கிறிஸ்துமஸ்: குமரிக்காரர்களுக்கு லீவு உண்டா, ஆலயம் உண்டா?

டிசம்பர் பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும். குடில் கட்ட இளவட்டங்கள் வைக்கோல் தேடி அலைவார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஏறத்தாழ 47 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். ஆனால், கொளச்சல் முதல் தூத்தூர் வரை பல வீடுகளில் அப்பாவோ அண்ணனோ வளைகுடா நாட்டில் மீன்பிடி வேலையில் இருப்பார். அங்கே அவருக்குக் கிறிஸ்துமஸ் எப்படி?

லீவு கிடைக்குமா?

சவுதி, அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய 6 நாடுகளிலும் டிசம்பர் 25 அரசு விடுமுறை இல்லை. முதலாளி மனசு வைத்தால்தான் லீவு. இதே இஸ்லாமியர் பெரும்பான்மையாக உள்ள மலேசியா, இந்தோனேசியா, வங்கதேசத்தில் அன்று அரசு விடுமுறை.

ஆலயம் இருக்கிறதா?

சவுதி தவிர மற்ற 5 நாடுகளிலும் உண்டு. பஹ்ரைனின் மனாமாவில் 1939-லேயே திரு இருதய ஆலயம் வந்துவிட்டது. துபாய் புனித மரியாள் ஆலயம் 1967-இல் திறக்கப்பட்டது. அதற்கு இடம் கொடுத்தவர் அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ராஷித். அங்கே தமிழிலும் திருப்பலி உண்டு. 2022-க்கு முன்பு அமீரகத்தில் வெள்ளிதான் வார விடுமுறை. அதனால் ஞாயிறு பூசைக்கு வரும் கூட்டம் வெள்ளிக்கிழமையே வந்துவிடும்!

சவுதியில் என்ன நிலை?

ஆலயம் ஒன்றுகூட இல்லை. பொது இடத்தில் பிற மத வழிபாட்டுக்கு அனுமதி கிடையாது. அறைக்குள் தனிப்பட்ட முறையில் ஜெபிப்பதைத் தடுப்பதில்லை என்கிறது அரசு; ஆனால், அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. சமீப ஆண்டுகளில் கடைகளில் கிறிஸ்துமஸ் மரம்கூட விற்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

எதில் கவனம் தேவை?

ஆலயம் உள்ள நாடுகளிலும் கொண்டாட்டம் பெரும்பாலும் வளாகத்துக்குள்தான். நம்மூர் போல தெருத்தெருவாக கரோல் போக முடியாது. முஸ்லிம்களிடம் மதப் பிரசாரம் செய்தால் சட்ட நடவடிக்கை வரும்.

சவுதியைத் தவிர்த்துப் பார்த்தால், தொழிலாளிக்குப் பெரிய தடை சட்டம் அல்ல, ஷிப்ட்தான். ஊரில் நள்ளிரவு 12 மணிக்குப் பூசை தொடங்கும்போது துபாயில் இரவு 10.30, குவைத்தில் 9.30. மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு, வீட்டிலிருந்து வரும் அந்த வீடியோ காலே கிறிஸ்துமஸ்.