டேட்டம் இல்லாத பாஸ்டன்: அடுத்த ஸ்டார் யார்? சீசன் தொடங்கும் முன்பே கணிக்க முடியுமா?

2025 மே 12. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். நிக்ஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் 4-வது ஆட்டம். அதுவரை 42 பாயின்ட் குவித்திருந்த பாஸ்டன் செல்டிக்ஸ் நட்சத்திரம் ஜேசன் டேட்டம், ஒரு பந்துக்காகப் பாய்ந்தவர் அப்படியே காலைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் தசைநார் கிழிந்துவிட்டது. சாதாரணமாக ஒரு சீசனையே விழுங்கிவிடும் காயம் இது. தொடரையும் பாஸ்டன் 4-2 என இழந்தது.

அதோடு முடியவில்லை. என்பிஏ-வில் சம்பளச் செலவு ஒரு எல்லையைத் தாண்டினால் அபராத வரி பயங்கரமாக ஏறும். அதைக் குறைக்க பாஸ்டன் வீட்டையே காலி செய்தது. ஜூரூ ஹாலிடே போர்ட்லேண்டுக்குப் போனார். கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கு. லூக் கோர்னெட் சான் அன்டோனியோவுக்கு. கடைசியாக ஆல் ஹார்ஃபோர்டும் கோல்டன் ஸ்டேட்டில் சேர்ந்துவிட்டார். 2024-ல் கோப்பையைத் தூக்கிய அணியில் பாதி ஆள் இன்று இல்லை.

இப்போ கேள்வி இதுதான். மிச்சம் இருக்கும் வீரர்களில் யார் 2025-26 சீசனில் திடீரென விஸ்வரூபம் எடுக்கப் போகிறார்? அமெரிக்காவில் இதை 'பிரேக்அவுட்' சீசன் என்கிறார்கள். நேற்று வரை துணை நடிகர், இன்று ஹீரோ. அதை முன்கூட்டியே சொல்ல வழி இருக்கிறதா?

முதலில் காலி இடம் எங்கே என்று பாருங்கள்

"விளையும் பயிர் முளையிலேயே தெரியும்" என்று நாம் சொல்வோம். கூடைப்பந்தில் அது பாதிதான் உண்மை. பயிர் நன்றாக இருந்தாலும் பக்கத்தில் ஒரு பெரிய ஆலமரம் நின்றால் வெயிலே படாது.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு ஆட்டம் 48 நிமிடம். களத்தில் 5 பேர். ஆக ஒரு அணிக்கு ஒரு ஆட்டத்தில் பங்கிட்டுக் கொடுக்க 240 நிமிடங்கள்தான் உண்டு. பந்தும் ஒன்றுதான். ஒருவர் வளர வேண்டும் என்றால் இன்னொருவர் அந்த நிமிடத்தையும் பந்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பந்து யார் கையில் முடிகிறது என்பதை அளக்க 'யூசேஜ் ரேட்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது, அணியின் தாக்குதல்களில் எத்தனை சதவீதம் அவருடைய ஷாட்டிலோ, ஃப்ரீ த்ரோவிலோ, பந்தைத் தொலைப்பதிலோ முடிகிறது என்பதே அது. 5 பேரும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 20 சதவீதம். 2016-17 சீசனில் ஒக்லஹோமா சிட்டியின் ரஸல் வெஸ்ட்புரூக் ஒருவரே 41.7 சதவீதம் வைத்திருந்தார். அது என்பிஏ சாதனை.

அந்த ஆலமரத்தின் கீழே அப்போது இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்: விக்டர் ஒலாடிப்போ, டொமான்டாஸ் சபோனிஸ். 2017 கோடையில் பால் ஜார்ஜை வாங்குவதற்காக இருவரையும் இந்தியானாவுக்குக் கொடுத்துவிட்டது ஒக்லஹோமா. 'இவ்வளவுதானா கிடைத்தது' என்று இந்தியானாவை அன்று பலர் கிண்டல் செய்தார்கள். அடுத்த சீசனிலேயே ஒலாடிப்போவின் சராசரி 15.9-ல் இருந்து 23.1 பாயின்டாக ஏறியது. அதிகம் முன்னேறிய வீரர் விருதும் அவருக்கே. சபோனிஸ் 5.9-ல் இருந்து 11.6. ஆட்கள் அதே ஆட்கள்தான், நிழல் மட்டும்தான் போயிருந்தது.

'36 நிமிடக் கணக்கு' உதவுமா, ஏமாற்றுமா?

பெஞ்சில் இருந்து வருபவர் 14 நிமிடம் ஆடி 5 பாயின்ட் எடுத்தால், அவர் 36 நிமிடம் ஆடினால் எத்தனை எடுப்பார் என்று பெருக்கிப் பார்ப்பதுதான் 36 நிமிடக் கணக்கு. ரசிகர்களுக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு. ஜேம்ஸ் ஹார்டன் விஷயத்தில் இது ஓரளவு சரியாகவே வந்தது. 2011-12 சீசனில் ஒக்லஹோமாவில் பெஞ்சில் இருந்து வந்து சுமார் 31 நிமிடத்தில் 16.8 பாயின்ட். பெருக்கினால் 19 வரும். சம்பளப் பேச்சு முறிந்து, 2012 அக்டோபரில் அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே முதல் ஆட்டத்திலேயே 37 பாயின்ட், சீசன் சராசரி 25.9! கணக்கு சொன்னதைவிட அதிகம். 2018-ல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதையும் வாங்கினார்.

ஆனால் இந்தப் பெருக்கலில் ஒரு ஓட்டை உண்டு. பெஞ்சில் இருந்து வருபவர் பெரும்பாலும் எதிரணியின் பெஞ்சைத்தான் எதிர்கொள்கிறார். அவரைத் தடுக்க யாரும் தனித் திட்டம் போடுவதில்லை. நிமிடம் கூடும்போது எதிரணியின் சிறந்த தடுப்பாளர் அவர்மீது வந்து நிற்பார். அப்போதுதான் நிஜப் பரீட்சை.

ஜோர்டன் பூல் அந்தப் பரீட்சையில் தடுமாறியவர். கோல்டன் ஸ்டேட்டில் ஸ்டீபன் கரியோடு ஆடும்போது 2022-23-ல் சராசரி 20.4 பாயின்ட். 2023-ல் வாஷிங்டனுக்குப் போனார். 'இனி இவர்தான் ராஜா, 25 பாயின்ட் நிச்சயம்' என்று எழுதித் தள்ளினார்கள். வந்தது 17.4. கரி பக்கத்தில் இருந்தபோது எதிரணியின் கண் எல்லாம் கரி மேலேயே இருந்தது. அந்தக் கவனச்சிதறல்தான் பூலுக்குக் கிடைத்த வெயில். ஆக சிலருக்கு ஆலமரம் நிழல், சிலருக்கு அதுவே குடை. இரண்டில் எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் கணிப்பின் மொத்தக் கஷ்டமும் இருக்கிறது.

ஸ்டார் இல்லாத இரவுகள்

பிரித்துப் பார்க்க இருப்பதிலேயே நல்ல வழி, ஸ்டார் ஆடாத ஆட்டங்களைத் தனியாக எடுத்துப் பார்ப்பது. ஜேலன் புரன்சன் கதை இதற்குப் பாடப் புத்தகம்.

2018 டிராஃப்டில் 33-வதாகத் தேர்வானவர். டல்லாஸில் லூகா டான்சிச்சின் பக்கத்தில் ஆடியதால் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2022 பிளேஆஃபில் யூட்டாவுக்கு எதிராக முதல் 3 ஆட்டங்களில் காயத்தால் டான்சிச் இல்லை. 2-வது ஆட்டத்தில் புரன்சன் 41 பாயின்ட் எடுத்து அணியை ஜெயிக்க வைத்தார். பந்து முழுக்க அவர் கையில், எதிரணியின் முழுக் கவனமும் அவர் மேல், அப்படியும் தடுக்க முடியவில்லை. இதைவிடத் தெளிவான அறிகுறி என்ன வேண்டும்?

ஆனால் அதற்கு முன்பே குறைந்த தொகையில் அவரை நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிப்போடும் வாய்ப்பை டல்லாஸ் தவறவிட்டிருந்தது. அந்தக் கோடையில் நிக்ஸ் 4 ஆண்டுக்கு 104 மில்லியன் டாலர் கொடுத்து அவரைக் கூட்டிச் சென்றது. டல்லாஸுக்குப் பதிலுக்கு ஒரு வீரர்கூடக் கிடைக்கவில்லை. சராசரி 16.3-ல் இருந்து 24.0. அதற்கடுத்த ஆண்டு 28.7. 2025 மே மாதம் பாஸ்டனை வெளியேற்றிய நிக்ஸ் அணியின் தலைவரும் இதே புரன்சன்தான். பெஞ்சில் இருப்பவரைச் சரியாகக் கணிக்காவிட்டால் ஒரு அணிக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

சின்னச் சின்ன தடயங்கள்

வயது முக்கியம். 22-லிருந்து 26-க்குள் பாய்ச்சல் நடப்பதே வழக்கம். விதிவிலக்குகள் உண்டு.

மூன்று பாயின்ட் ஷாட் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். 20 ஆட்டம் நன்றாகப் போகும், அடுத்த 20 சொதப்பும். ஃப்ரீ த்ரோ அப்படி இல்லை. யாரும் தடுக்காமல், அதே தூரத்தில் இருந்து எறிவது என்பதால் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதை அது நேராகக் காட்டும். டொரன்டோவின் பாஸ்கல் சியாகம் நல்ல உதாரணம். 2017-18-ல் ஃப்ரீ த்ரோ 62 சதவீதம், மூன்று பாயின்ட் 22 சதவீதம். அடுத்த சீசனில் 78, 37. பாயின்ட் சராசரி 7.3-ல் இருந்து 16.9. அந்த ஆண்டே சாம்பியன் பட்டமும் வந்தது. கேமரூனில் பிறந்த சியாகம் பதின்வயதின் கடைசியில்தான் கூடைப்பந்தைச் சீரியஸாகப் பிடித்தவர். வயதைப் பார்ப்பது போலவே ஆட்டத்தில் எத்தனை ஆண்டு பழக்கம் என்றும் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, பாயின்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் டைசன் டேனியல்ஸ் மாதிரி ஆள் கண்ணில் படவே மாட்டார். நியூ ஆர்லியன்ஸில் 2023-24-ல் அவருடைய சராசரி வெறும் 5.8 பாயின்ட். ஆனால் 22 நிமிடத்தில் 1.4 ஸ்டீல், அதாவது எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது. அட்லாண்டா நிமிடத்தைக் கூட்டிக் கொடுத்தது. 2024-25-ல் ஒரு ஆட்டத்துக்கு 3 ஸ்டீல், 14.1 பாயின்ட், முன்னேறிய வீரர் விருது. 1990-91-ல் ஆல்வின் ராபர்ட்சனுக்குப் பிறகு சராசரி 3 ஸ்டீலைத் தொட்டவர் இவர்தான். 1986-ல் அந்த விருதை முதன்முதலில் வாங்கியவரும் ராபர்ட்சனே என்பது சுவாரசியமான பொருத்தம்.

சரி, பாஸ்டனில் யார்?

போனவர்களின் 2024-25 சீசன் சராசரியைக் கூட்டிப் பாருங்கள். டேட்டம் 26.8, போர்சிங்கிஸ் 19.5, ஹாலிடே 11.1, ஹார்ஃபோர்ட் 9. மொத்தம் 66 பாயின்டுக்கு மேல் காலி.

எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் பேட்டன் பிரிட்சார்ட். 2024-25 சீசனின் சிறந்த மாற்று வீரர். 28 நிமிடத்தில் 14.3 பாயின்ட். மார்ச்சில் போர்ட்லேண்டுக்கு எதிராக அவர் 43, டெரிக் ஒயிட் 41 என இருவரும் ஒரே இரவில் கொளுத்திய ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். இவர் பாயின்ட் நிச்சயம் ஏறும். ஆனால் இதுவரை அவருக்கு வந்த ஓபன் ஷாட்களில் எத்தனை, டேட்டம் இழுத்துக்கொண்ட தடுப்பாளர்களால் கிடைத்தவை? பூல் ஆவாரா, புரன்சன் ஆவாரா என்பது அங்கேதான் இருக்கிறது. ஒயிட்டுக்கு 2025-26 சீசன் தொடக்கத்தில் வயது 31, அவர் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தார். ஜேலன் பிரவுன் 2024 இறுதிப் போட்டியின் சிறந்த வீரர். அவர் 28 பாயின்ட் எடுத்தாலும் அதற்குப் பெயர் பிரேக்அவுட் இல்லை. 2025-ல் வந்த ஆன்ஃபெர்னி சைமன்ஸ் போர்ட்லேண்டிலேயே 19-க்கு மேல் எடுத்தவர்.

என் பார்வை வேறு பக்கம் போகிறது. போனவர்களின் பட்டியலை இன்னொரு தடவை படியுங்கள். போர்சிங்கிஸ், ஹார்ஃபோர்ட், கோர்னெட். மூவரும் சென்டர்கள். ஒரே கோடையில் ஒரே இடத்தில் மூன்று பேர் போவது அபூர்வம். அங்கே இப்போது மிச்சம் நிற்பவர் நெமியாஸ் கேட்டா. 7 அடி உயரம், என்பிஏ-வில் ஆடிய முதல் போர்ச்சுகல்காரர், 2021 டிராஃப்டில் 39-வது. 2024-25 சீசனில் 14 நிமிடத்தில் 5 பாயின்ட், 3.8 ரீபவுண்ட். அதே 36 நிமிடப் பெருக்கலைப் போட்டால் சுமார் 13 பாயின்ட், 10 ரீபவுண்ட் வரும். இவருக்கு அந்தப் பெருக்கலை நான் கொஞ்சம் அதிகமாக நம்புகிறேன். காரணம், இவர் பந்தை வைத்துக்கொண்டு ஆடுபவர் இல்லை. திரை போடுவது, ரீபவுண்ட் எடுப்பது, கூடைக்குப் பக்கத்தில் முடிப்பது என இந்த வேலைகளுக்கு யாரும் பந்தை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, நிமிடம் மட்டும் போதும்.

தடை ஒன்று உண்டு, அது ஃபவுல். 14 நிமிடம் ஆடும்போது இரண்டு ஃபவுல் பெரிய விஷயமே இல்லை. 30 நிமிடம் ஆட வேண்டும் என்றால் அதே வேகத்தில் ஃபவுல் செய்ய முடியாது. 6 ஆனால் வெளியே போக வேண்டியதுதான். லூகா கார்சா, கிறிஸ் பூஷே இருவரையும் 2025-ல் பாஸ்டன் வாங்கி வைத்ததும் அந்தப் பயத்தில்தானோ என்னவோ.

2025 அக்டோபர் 22-ம் தேதி பிலடெல்பியாவுக்கு எதிராக பாஸ்டனின் முதல் ஆட்டம். நமக்கு 23-ம் தேதி அதிகாலை. தூக்கத்தைத் தியாகம் செய்து பார்ப்பவர்கள் ஸ்கோர் போர்டைவிட, முதல் கால் பகுதி முடிவதற்குள் கேட்டா எத்தனை ஃபவுல் வாங்கியிருக்கிறார் என்று பாருங்கள்.