ஏரிக்கரை வீட்டுக்கு ஒரு டூர்!

சுற்றுலா போகலாமா குட்டீஸ்? மூட்டை முடிச்சு எதுவும் வேண்டாம். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் இருந்தால் போதும். நாம் போகப் போவது, இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டத்துக்கு! மலையும் ஏரியுமாக இருக்கும் இந்தப் பகுதியை, 2017ம் ஆண்டு உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது யுனெஸ்கோ.

அதோ, கனிஸ்டன் ஏரி! நீளம் 8 கி.மீ.,க்கும் அதிகம். கிராமத்துத் துறையில் படகு காத்திருக்கிறது. ஏறி உட்காருங்கள். எதிர்க்கரையில் மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய வீடு தெரிகிறதா? அதன் பெயர் பிரான்ட்வுட். 'செங்குத்தான காடு' என்று பொருள். சுற்றிலும் 250 ஏக்கர் காடும் தோட்டமும்!

இந்த வீட்டுக்காரர் எழுதிய ஒரு புத்தகம், நம் காந்தி தாத்தாவின் தூக்கத்தையே கெடுத்துவிட்டது. எப்படி என்று கேட்கிறீர்களா? முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிடுவோம்.

பார்க்காமலே வாங்கிய வீடு!

வீட்டுக்காரர் பெயர் ஜான் ரஸ்கின். 1819ல் லண்டனில் பிறந்தவர். அப்பா பணக்கார வியாபாரி. ரஸ்கினோ எழுத்தாளர், ஓவியர், ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். 1871ல் இந்த வீட்டை 1,500 பவுண்டுக்கு வாங்கினார். அதுவும் நேரில் வந்து பார்க்காமலே! பழுதடைந்து கிடந்த வீட்டைச் சரிசெய்து, 1872ல் குடிவந்தார். 1900ல் இறக்கும் வரை இதுதான் அவர் வீடு.

உள்ளே வாருங்கள். இது சாப்பாட்டு அறை. ஏரியைப் பார்த்து ஒரே வரிசையில் எத்தனை ஜன்னல்கள் என்று எண்ணுங்கள். ஏழு! மாடியில், வீட்டின் மூலையில் துருத்திக்கொண்டு நிற்கிறது ஒரு குட்டிக் கோபுர அறை. பல பக்கமும் கண்ணாடி. அங்கே நின்றால் ஏரி, எதிரே மலை, மேலே வானம். அந்த மலையின் பெயர் 'ஓல்டு மேன்'. அதாவது, கிழவர்! உயரம் சுமார் 800 மீட்டர்.

ரஸ்கின் தினமும் வானத்தைக் கவனித்து டைரியில் எழுதுவார். சில நாட்களில் வானம் அழுக்கேறி, இருண்டு கிடப்பதைக் கண்டார். தொழிற்சாலைகள் நிலக்கரியை எரித்துப் புகை கக்கிய காலம் அது. 1884ல் லண்டனில் இந்த மேகத்தைப் பற்றியே பேசினார். சிலர் சிரித்தார்கள். காற்று மாசு பற்றிய ஆரம்பகால எச்சரிக்கைகளில் ஒன்றாக இன்று அந்தப் பேச்சை மதிக்கிறார்கள்.

கையால் கட்டிய துறை!

இனி, வெளியே போகலாம். ஏரிக்கரையில் கல் அடுக்கிய சின்னப் படகுத்துறை இருக்கிறது. ஆள் வைத்துக் கட்டியிருக்கலாம். ஆனால், ரஸ்கின் நண்பர்களோடு சேர்ந்து தானே கல் சுமந்து கட்டினார். அவர் சொன்னபடி செய்யப்பட்ட 'ஜம்பிங் ஜென்னி' என்ற படகும் இங்கே இருக்கிறது.

தோட்டப் பாதையில் ஏறிப் போனால், கற்பலகைகளால் ஆன ஒரு நாற்காலி. உட்கார்ந்தால் கண் முன்னே ஓடை! இன்னும் மேலே, எதற்கும் உதவாது என்று விட்ட மேட்டு நிலம். அங்கேயும் பயிர் செய்யலாம் என்று காட்ட, படிப்படியாக நிலத்தைத் திருத்திப் பார்த்தார் ரஸ்கின்.

ஆக்ஸ்ஃபர்டில் இன்னொரு வேடிக்கை நடந்தது. 1874ல் தன் மாணவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, ஒரு கிராமத்துக்குச் சாலை போடச் சொன்னார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வேர்க்க வேர்க்க மண் வெட்டினார்கள். பின்னாளில் பெரிய எழுத்தாளரான ஆஸ்கர் வைல்டும் அவர்களில் ஒருவர். சாலை என்னவோ சுமாராகத்தான் வந்தது! ஆனால், உடல் உழைப்பு எவ்வளவு கஷ்டம் என்பது அவர்களுக்குப் புரிந்தது.

தூங்காத ஒரு ராத்திரி!

இப்போது காந்தி கதைக்கு வருவோம். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே, 1860ல் ரஸ்கின் ஒரு பத்திரிகையில் கட்டுரைத் தொடர் எழுதினார். ஏழைத் தொழிலாளிக்கும் நியாயமான கூலி வேண்டும் என்றார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். நான்கே கட்டுரைகளோடு தொடர் நின்றது. அதுதான் 1862ல் புத்தகமானது. அதன் பெயரைத் தமிழில் 'கடையனுக்கும் கதி மோட்சம்' என்பார்கள்.

1904ல் தென் ஆப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்தில் நண்பர் போலக் அந்தப் புத்தகத்தைக் காந்தியிடம் கொடுத்தார். டர்பன் போய்ச் சேரும் வரை காந்தி அதைக் கீழே வைக்கவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை! வக்கீல் வேலைக்கும் முடி திருத்துபவர் வேலைக்கும் மதிப்பு ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. அவரே ஒரு வக்கீல் ஆயிற்றே!

உடனே டர்பன் அருகே ஃபீனிக்ஸ் என்ற இடத்தில் நிலம் வாங்கி, 'இந்தியன் ஒப்பீனியன்' அச்சகத்தை அங்கே மாற்றினார். தொடங்கியபோது தமிழிலும் வந்த பத்திரிகை அது. எல்லாரும் நிலத்தில் உழைக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்பது திட்டம். 1908ல் அந்தப் புத்தகத்தின் கருத்துகளைக் குஜராத்தியில் எழுதி, 'சர்வோதயம்' என்று பெயர் வைத்தார்.

ரஸ்கின் இறந்தபோது, லண்டனில் பெரியவர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். ஆனால் அவர் விருப்பப்படி, கனிஸ்டன் கிராமத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1932ல் ஜான் ஹோவர்டு ஒயிட்ஹவுஸ் என்பவர் பிரான்ட்வுட்டை வாங்கிக் காப்பாற்றினார். 1951 முதல் ஓர் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது.

படகு கிளம்பப் போகிறது. போகும் முன் ஒரு கேள்வி குட்டீஸ். உங்கள் பள்ளியைத் தினமும் பெருக்கிச் சுத்தம் செய்யும் ஆயாம்மாவின் பெயர் என்ன? தெரியாதா? நாளைக்கு முதல் வேலையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்!