நிலாவாரை இலையின் சத்தை அளக்கும் முறை

நெசவுத் தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்கு அவுரி என்றால் நீலச் சாயம் தரும் செடியே நினைவுக்கு வரும். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விவசாயிகள் அவுரி என்று சொல்வது வேறு செடியாகும். அது நிலாவாரை, நிலவாகை என்றும் வழங்குவர். உலகச் சந்தையில் இதற்கு ‘டின்னவேலி சென்னா’ என்று திருநெல்வேலியின் பெயரே நிலைத்திருக்கிறது.

சித்த வைத்தியத்தில் மலச்சிக்கலுக்கு நிலவாகைச் சூரணம் கொடுப்பது நாம் அறிந்ததே. அயல்நாட்டு மருந்துச் சாலைகளும் அதே குணத்திற்காகவே இவ்விலையை வாங்குகின்றன. ஆயினும் விற்கும் நாம் எடையைப் பார்க்கிறோம். வாங்குவோர் எடையோடு சத்தையும் பார்க்கின்றனர். அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ, அவரே விலையை நிர்ணயிக்கிறார். ஆகையால் அந்த அளவுகோல் இன்னதென்று நாமும் தெரிந்துகொள்வது அவசியம்.

சத்து எது?

1941-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்து நாட்டு ரசாயன அறிஞர் ஸ்டோல் என்பவரும் அவருடைய உதவியாளர்களும் இவ்விலையிலிருந்து இரண்டு பொருள்களைத் தனியே பிரித்தெடுத்தனர். அவற்றிற்குச் சென்னோசைடு ஏ, சென்னோசைடு பி என்று பெயர். இவை இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரும்பாலும் மாறுதலின்றிச் சென்று, பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள நுண்ணுயிர்கள் இவற்றைச் சிதைத்த பிறகே மருந்தின் வேலை தொடங்குகிறது. இரவில் உட்கொண்ட மருந்து காலையில் பயன் தருவது இக்காரணத்தினாலேயாம்.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பொதுவாக விதிக்கப்படும் அளவு 15 முதல் 30 மில்லிகிராம் சென்னோசைடு. 2.5 சதவிகிதச் சத்துள்ள இலை 1 கிராமில் 25 மில்லிகிராம் இருக்கும். 1 சதவிகிதமே இருந்தால் 10 மில்லிகிராம்தான் கிடைக்கும், பயன் குறையும். 4 சதவிகிதம் இருந்தால் 40 மில்லிகிராம். வயிற்றுக் கடுப்பும் பேதியும் உண்டாகலாம். பார்வைக்கு மூன்றும் ஒரே சிட்டிகைதான். அளந்து பார்க்காத இலையை மருந்தாக்க முடியாது என்பதன் பொருள் இதுவே. வைத்தியர் சொல்லாமல் இதை நாள்தோறும் உட்கொள்ளலாகாது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

அளப்பது எவ்வாறு?

இலையின் பச்சை நிறம் வேறு பொருளால் உண்டாவது, சென்னோசைடு வேறு. பசுமை கெடாத இலை நன்கு பக்குவப்படுத்தப்பட்டது என்று சொல்லலாமேயன்றி, அதில் சத்து இவ்வளவு என்று கண்ணால் சொல்ல இயலாது.

பரிசோதனைச் சாலையில் பொடித்த இலையை நிறுத்து, வெந்நீரில் சத்தை இறக்குவர். குளோரோபாரம் சேர்த்துக் குலுக்கி, ஏற்கெனவே சிதைந்துபோன பகுதியை நீக்குவர். எஞ்சியதை பெரிக் குளோரைடும் அமிலமும் சேர்த்துக் காய்ச்சி, ஈதரில் பிரித்தெடுத்து, இறுதியில் மக்னீசியம் அசிடேட் கரைசலைச் சேர்த்தால் செந்நிறம் தோன்றும். அந்நிறத்தின் ஆழத்தை ஒளிமானி என்னும் கருவி அளக்கிறது. நிறம் ஆழமானால் சத்து அதிகம். தற்காலத்தில் ஒவ்வொரு சென்னோசைடையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் கருவிகளும் உபயோகத்தில் உள்ளன.

இத்துடன் ஈரமும் அளக்கப்படுகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். இருவர் ஆளுக்கு 100 கிலோ இலை கொண்டுவருகின்றனர். ஒருவர் இலையில் ஈரம் 8 சதவிகிதம். மற்றவர் இலையில் 16 சதவிகிதம். ஈரம் போக எஞ்சும் இலை முறையே 92 கிலோ, 84 கிலோ. உலர்ந்த இலையில் இருவருக்கும் சத்து 2.5 சதவிகிதமே என்று வைத்துக்கொண்டாலும், முதலாமவர் தருவது 2.3 கிலோ சென்னோசைடு. இரண்டாமவர் தருவது 2.1 கிலோ. தராசு இவ்விருவரையும் சமமாகக் காட்டுகிறது. மேலும் ஈர இலை குவியலில் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்; இருக்கும் சத்தும் சிதையும்.

நாம் செய்ய வேண்டுவன

இலையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி புரட்டி உலர்த்துக. காம்பையும் குச்சியையும் நீக்குக. அவற்றில் சத்து மிகக் குறைவு. எடையைக் கூட்டி வீதத்தைக் குறைப்பவை அவை. காயையும் இலையையும் கலவாமல் தனித்தனியே கட்டுக.

எல்லாவற்றிலும் முக்கியமானது மாதிரி எடுப்பது. பரிசோதனைச் சாலை அளப்பது நாம் அனுப்பும் ஒரு கைப்பிடியை மட்டுமே. மேலாக உள்ள நல்ல இலையை அள்ளி அனுப்பினால், வரும் முடிவு அந்தக் கைப்பிடிக்கே பொருந்தும், மூட்டைக்குப் பொருந்தாது. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என மூன்று இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்புக. அதை நான்காகப் பகுத்து, எதிரெதிரான இரு பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் கலந்து பகுத்து வருக. முடிவில் எஞ்சுவதை மூன்று பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒன்று வாங்குவோருக்கு, ஒன்று பரிசோதனைச் சாலைக்கு, ஒன்று சங்கத்தின் பெட்டகத்துக்கு. பின்னர் சத்து குறைவென்று வழக்கு எழுந்தால், மூன்றாவது பங்கே நமக்குச் சாட்சியாகும்.

தனி விவசாயி ஒருவர் பரிசோதனைக் கட்டணத்தைத் தாங்குவது கடினம். பலர் சேர்ந்தால் ஆளுக்குச் சிறு தொகையே ஆகும். ஆனால் கூட்டாக விற்கும்போது ஒருவருடைய ஈர இலை அனைவருடைய விலையையும் தாழ்த்திவிடும். ஆதலால் மூட்டைகளைச் சேர்க்கும் முன்னரே ஒவ்வொருவர் சரக்கின் ஈரத்தையும் பார்த்து, அங்கத்தினர் பெயருக்கு எதிரே பதிந்து வைப்பது சங்கத்தாரின் கடமை. அவ்வாறு பதிந்து வைத்த ஏடு கையிலிருந்தால், விலை பேசும் இடத்தில் நாமும் அளவுகோலோடு அமரலாம்.